நிரலின் அரங்கேற்றம்

படிப்பதற்கு முன் சிந்திப்போம்

• கைப்பேசியில் ஒரு பொத்தானைத் தொட்டதும் கேமரா இயங்குகிறது. அந்தக் கட்டளையைக் கேமராவிடம் கொண்டுசேர்ப்பது எது?
• நீங்கள் எழுதிய கட்டுரையைப் பிறர் திருத்திக் கொடுக்கும்போது உங்கள் மனநிலை எப்படி இருக்கும்?

கடற்பாலத்தைக் காட்டும் கண்கள்

உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு பழக்கம் உண்டு. விடுமுறை நாளில் ஜோகூர் பாருவுக்குப் புறப்படுவதற்கு முன், கடற்பாலத்தில் நெரிசல் எப்படி இருக்கிறது என்று அவர்கள் கைப்பேசியில் பார்த்துக்கொள்வார்கள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிப் பகுதியில் பொருத்தப்பட்டுள்ள கேமராக்கள் எடுக்கும் படங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் இணையத்தில் வெளியிடுகிறது. வாகனங்கள் நீண்ட வரிசையில் நிற்பதைக் கண்டால், "இன்னும் சற்று நேரம் கழித்துப் போகலாம்" என்று பெரியவர்கள் முடிவெடுப்பார்கள். 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தின் நிலையை வீட்டு வரவேற்பறையில் இருந்தபடியே அறிய முடிகிறது.

கேமரா படம் எடுக்கிறது, நாம் பார்க்கிறோம். இவ்விரண்டுக்கும் இடையில் நடக்கும் வேலையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எந்தக் கேமராவாக இருந்தாலும், அதற்கு எப்போது விழிக்க வேண்டும், எவ்வளவு ஒளியை ஏற்க வேண்டும், படத்தை எந்த வடிவில் அனுப்ப வேண்டும் என்று சொல்ல ஒரு மென்பொருள் தேவை. அந்த மென்பொருளின் பெயர் 'இயக்கி'.

அத்தகைய ஓர் இயக்கி எவ்வாறு எழுதப்படுகிறது? உலகெங்கும் பயன்படும் 'லினக்ஸ்' என்னும் மென்பொருளுக்குள் அது எவ்வாறு இடம்பெறுகிறது? ஓர் உண்மையான இயக்கியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடம் இவற்றை விளக்குகிறது. அந்த இயக்கியின் மூல நிரலைத் திறந்தால், அதை எழுதியவராக ஒரு தமிழ்ப் பெயர் காணப்படும். அவர் பெயர் மணிவண்ணன் சதாசிவம்.

லினக்ஸ் என்னும் பொதுச் சொத்து

1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துவந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், தாம் ஓர் இயங்குதளத்தை உருவாக்கி வருவதாக அறிவித்தார். அதைப் பொழுதுபோக்காகவே செய்வதாகவும் அவர் குறிப்பிட்டார். பிறகு அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்னும் உரிமத்தோடு வெளியிட்டார். அதுவே லினக்ஸ்.

லினக்ஸின் மையப் பகுதிக்குக் 'கெர்னல்' என்று பெயர். கொட்டைக்குள் இருக்கும் பருப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் கணினியின் வன்பொருளுக்கும் நடுவில் இருந்துகொண்டு, யாருக்கு எப்போது எவ்வளவு நினைவகம் தர வேண்டும், எந்தக் கருவியை எந்தச் செயலி பயன்படுத்தலாம் என்பவற்றை எல்லாம் கெர்னல் முடிவுசெய்கிறது.

இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் லினக்ஸ் கெர்னலைக் கொண்டே இயங்குகின்றன. 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல், உலகின் அதிவேக மீத்திறன் கணினிகள் 500இன் பட்டியலில் உள்ள அனைத்தும் லினக்ஸிலேயே இயங்கி வருகின்றன. கெர்னலின் மூல நிரல் 30 மில்லியன் வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி இயக்கிகளால் ஆனது. ஆயிரக்கணக்கான கருவிகளோடு பேச ஆயிரக்கணக்கான இயக்கிகள் தேவைப்படுவதே இதற்குக் காரணம்.

இயக்கி: இரு மொழி அறிந்தவர்

தமிழ் மட்டுமே பேசத் தெரிந்த மூதாட்டி ஒருவர் மருந்தகத்துக்குச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவருக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். இருவருக்கும் நடுவில் இரு மொழியும் அறிந்த பேரன் அமர்ந்து, பாட்டி சொல்வதை மருத்துவரிடமும் மருத்துவர் சொல்வதைப் பாட்டியிடமும் எடுத்துச் சொல்கிறான். இயக்கி செய்யும் வேலையும் இத்தகையதே. அதன் ஒரு பக்கத்தில் கெர்னல் இருக்கிறது; மறுபக்கத்தில் வன்பொருள் இருக்கிறது.

நம் எடுத்துக்காட்டில் வரும் வன்பொருள், சோனி நிறுவனம் உருவாக்கிய 'ஐஎம்எக்ஸ் 290' என்னும் பட உணரி. குறைந்த வெளிச்சத்திலும் தெளிவாகப் படம் எடுக்க வேண்டிய கண்காணிப்புக் கேமராக்களை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்ட சில்லு அது. விரல் நகத்தைவிடச் சிறிய அதன் ஒளியுணரும் பரப்பில் இரண்டு மில்லியனுக்கும் மேற்பட்ட படப்புள்ளிகள் உள்ளன.

ஒவ்வொரு படப்புள்ளியும் தன்மீது விழும் ஒளியின் அளவை ஓர் எண்ணாக மாற்றுகிறது. பத்து இலக்க இருமக் குறியீட்டில் அந்த எண் 0 முதல் 1023 வரை இருக்கலாம். படப்புள்ளிக்கு நிறம் தெரியாது. ஆகையால் அவற்றின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் கட்டம் கட்டமாக வைக்கப்பட்டுள்ளன. நான்கு படப்புள்ளிகளில் இரண்டுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம் என்பது கணக்கு. மனிதக் கண் பச்சை ஒளியின் வேறுபாடுகளைக் கூர்மையாக உணர்வதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு கிடைத்துள்ளது.

இப்போது ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முழு உயர்தெளிவுப் படம் ஒன்றின் அகலம் 1,920 படப்புள்ளிகள். உயரம் 1,080 படப்புள்ளிகள். இரண்டையும் பெருக்கினால் 2,073,600 கிடைக்கும். வினாடிக்கு 30 படங்கள் என்றால், ஒவ்வொரு வினாடியும் 62 மில்லியனுக்கும் அதிகமான எண்கள் உணரியிலிருந்து வெளியே பாய்கின்றன. இந்த வெள்ளத்தில் ஓர் எண் இடம் மாறினாலும் படத்தில் நிறம் கெடும்; கோடு விழும்.

எல்லாருக்கும் பொதுவான விதிகள்

உலகில் பல வகைக் கேமராக்கள் உள்ளன; அவற்றைப் பயன்படுத்தும் செயலிகளும் பல. நூறு வகைக் கேமராக்களும் ஐம்பது செயலிகளும் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு கேமராவையும் தனித்தனியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால், 5,000 விதமான இணைப்புகளை எழுத வேண்டியிருக்கும். மாறாக, எல்லாரும் ஏற்றுக்கொண்ட பொது விதிகள் இருந்தால் 150 போதும். கேமராவுக்கு ஒன்று, செயலிக்கு ஒன்று.

லினக்ஸில் அந்தப் பொது விதிகளின் பெயர் 'வீடியோ ஃபார் லினக்ஸ் 2'. 1990களில் தோன்றிய முதல் வடிவத்தின் குறைகளைக் களைந்து உருவாக்கப்பட்ட இந்த இரண்டாம் வடிவம், 2002ஆம் ஆண்டில் கெர்னலுக்குள் இணைக்கப்பட்டது. "உன்னால் எந்த அளவுகளில் படம் தர முடியும்?", "படம் அனுப்பத் தொடங்கு", "நிறுத்து" என்பன போன்ற கேள்விகளும் கட்டளைகளும் இவ்விதிகளில் வரையறுக்கப்பட்டுள்ளன.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சிங்கப்பூர் மாணவர்கள் அனைவரும் வீட்டிலிருந்தபடியே பாடம் கற்றதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்நாள்களில் இணையக் கேமராக்களின் தேவை பெருகியது. பெரும்பாலான இணையக் கேமராக்களை லினக்ஸ் கணினியில் செருகியவுடனே அவை வேலைசெய்யும். தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. அவ்வகைக் கேமராக்களுக்கு லோரான் பின்ஷார் என்பவர் எழுதிய இயக்கி, 2008ஆம் ஆண்டிலேயே கெர்னலுக்குள் இணைக்கப்பட்டுவிட்டதே அதற்குக் காரணம். பயன்படுத்துபவர் கண்ணில் படாமல் இருப்பதே நல்ல இயக்கியின் இயல்பு.

இயக்கியை எழுதுதல்

ஐஎம்எக்ஸ் 290 போன்ற உணரிக்கு இயக்கி எழுதுபவர் முதலில் செய்ய வேண்டியது படிப்பது. சில்லைத் தயாரித்த நிறுவனம் அதன் பண்புகளை விவரித்து வெளியிடும் தொழில்நுட்ப ஏட்டை வரி வரியாகப் படிக்க வேண்டும். அதன் பிறகே நிரல் எழுதும் பணி தொடங்குகிறது.

முதல் வேலை உணரியை முறையாக எழுப்புவது. ஐஎம்எக்ஸ் 290க்கு மூன்று தனித்தனி மின்வழங்கல்கள் தேவை. அதற்கு ஒரு 'கடிகாரத் துடிப்பும்' வேண்டும். தொடக்கத்தில் எழுதப்பட்ட இயக்கி வினாடிக்கு 37.125 மில்லியன் துடிப்புகளை எதிர்பார்த்தது. மின்சாரம், துடிப்பு, தொடக்கச் சைகை ஆகியவை ஒழுங்காகவும் உரிய இடைவெளியோடும் தரப்பட வேண்டும்.

இரண்டாவது வேலை உணரிக்குக் கட்டளையிடுவது. உணரிக்குள் பதிவகங்கள் என்னும் சிறு சிறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் உண்டு. குறிப்பிட்ட அறையில் குறிப்பிட்ட மதிப்பை எழுதினால், உணரி அதற்கேற்ப நடந்துகொள்ளும். படத்தின் அகலம், உயரம், ஒளியைப் பெருக்கும் அளவு ஆகியவற்றை இவ்வாறே மாற்றலாம். இக்கட்டளைகள் 'ஐ2சி' என்னும் இரு கம்பித் தொடர்பு வழியாகச் செல்கின்றன. படத் தரவு மட்டும் வேறொரு வேகமான பாதையில் வெளியேறுகிறது. அதைப் பெற்று நினைவகத்தில் சேர்க்கும் பொறுப்பு வேறோர் இயக்கிக்கு உரியது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு மதிப்பை மாற்ற, சில சமயம் பல அறைகளில் எழுத வேண்டியிருக்கும். பாதி அறைகளில் எழுதி முடித்த நேரத்தில் உணரி அடுத்த படத்தை எடுத்துவிட்டால், பழைய மதிப்பும் புதிய மதிப்பும் கலந்துபோகும். இதைத் தவிர்க்க, ஐஎம்எக்ஸ் 290இல் 'பிடித்துவை' என்னும் ஒரு பதிவகம் உள்ளது. இயக்கி முதலில் "பொறு" என்கிறது. எல்லாவற்றையும் எழுதி முடிக்கிறது. பிறகு "இப்போது ஏற்றுக்கொள்" என்கிறது. கட்டளைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் நடைமுறைக்கு வருகின்றன.

மூன்றாவது வேலை, தவறு நேரும்போது என்ன செய்வது என்று முன்கூட்டியே எண்ணுவது. முதல் இரண்டு மின்வழங்கல்கள் இயங்கி, மூன்றாவது இயங்காவிட்டால் என்ன ஆகும்? ஏற்கெனவே இயக்கியவற்றை அணைத்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும். எல்லாம் சரியாக நடக்கும் என்று நம்பி எழுதப்பட்ட நிரல் மேசையில் வேலைசெய்யும். வெயிலிலும் மழையிலும் பல ஆண்டுகள் நிற்கும் கருவியில் தடுமாறும்.

வெளியே நிற்கும் நிரலின் கதி

இயக்கி வேலைசெய்கிறது, அதோடு பணி முடிந்துவிட்டதா? பல நிறுவனங்கள் அப்படித்தான் கருதுகின்றன. தங்கள் கருவிக்கான இயக்கியைத் தாங்களே வைத்துக்கொண்டு விற்பனையைத் தொடங்கிவிடுகின்றன. சிக்கல் பிறகே தோன்றும்.

லினக்ஸ் கெர்னலின் உள் அமைப்பு மாறிக்கொண்டே இருக்கும். இன்று ஒரு பெயரில் இருக்கும் உட்செயல்முறை, அடுத்த ஆண்டு வேறு பெயரிலும் வேறு வடிவிலும் இருக்கலாம். இயக்கி கெர்னலுக்குள் இருந்தால், உள் அமைப்பை மாற்றுபவரே அந்த இயக்கியையும் அதற்கேற்பத் திருத்திவிடுவார். அது அவர் கடமை. இயக்கி கெர்னலுக்கு வெளியே இருந்தால், அதைத் திருத்த யாரும் வரமாட்டார்கள். எழுதியவரே ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டும். அவர் வேறு வேலைக்குச் சென்றுவிட்டாலோ நிறுவனம் மூடப்பட்டாலோ அந்த இயக்கி பழைய கெர்னலோடு தேங்கிவிடும்.

பழைய கெர்னலில் பாதுகாப்புக் குறைகள் கண்டறியப்பட்டாலும் அதைப் புதுப்பிக்க முடியாது. புதுப்பித்தால் கேமரா இயங்காது. கடைசியில், வன்பொருளில் எந்தப் பழுதும் இல்லாத கருவி குப்பைக்குப் போகிறது. சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 டன் மின்னணுக் கழிவு உருவாகிறது. ஒவ்வொருவரும் ஏறக்குறைய 70 கைப்பேசிகளைத் தூக்கியெறிவதற்கு இது சமம் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் ஒப்பிட்டுக் காட்டியுள்ளது. கருவிகள் நீண்டகாலம் உழைக்க வேண்டும் என்றால், அவற்றுக்கான மென்பொருளும் நீண்டகாலம் வாழ வேண்டும். ஆகவே இயக்கியைக் கெர்னலுக்குள் இணைப்பது பெருமைக்கான செயல் மட்டும் அன்று. அது கருவியின் ஆயுளை நீட்டிக்கும் வழி.

அறிஞர் அவையில்

அக்காலத்தில் ஒரு புலவர் நூல் எழுதி முடித்ததும் அது உடனே நூலாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை. அறிஞர் அவையில் அதை அரங்கேற்ற வேண்டும். அங்குள்ளோர் வினாக்களை எழுப்புவர். புலவர் விளக்க வேண்டும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் என்னும் அறிஞருக்குக் குற்றமறத் தெளிவுபடுத்தி அரங்கேற்றப்பட்டதாக அந்நூலின் சிறப்புப் பாயிரம் கூறுகிறது.

லினக்ஸ் கெர்னலில் ஓர் இயக்கியை இணைப்பதும் ஒருவகை அரங்கேற்றமே. இங்கே அவை, உலகெங்கும் பரவியிருக்கும் நிரலர்களின் கூட்டம். எழுதியவர் தம் நிரலை எல்லாரும் படிக்கும்படி முன்வைக்கிறார். அதற்குப் 'பேட்ச்' என்று பெயர். இருக்கும் துணியில் புதிய துண்டை ஒட்டித் தைப்பதுபோல, இருக்கும் கெர்னலில் எந்த வரியைச் சேர்க்க வேண்டும், எதை நீக்க வேண்டும் என்பதை அது காட்டும்.

மணிவண்ணன் சதாசிவம் 'லினாரோ' என்னும் அமைப்பில் பணியாற்றியபோது, 2019ஆம் ஆண்டில் ஐஎம்எக்ஸ் 290க்கான இயக்கியை இவ்வாறு முன்வைத்தார். அவரது படைப்பில் மூன்று பகுதிகள் இருந்தன. முதலாவது, இந்த உணரிக்கு என்னென்ன மின்வழங்கல்களும் இணைப்புகளும் தேவை என்பதைக் கூறும் விவரக் குறிப்பு. இரண்டாவது, இயக்கியின் நிரல். மூன்றாவது பகுதி சில வரிகளே கொண்டது. இந்த இயக்கிக்கு இனிமேல் யார் பொறுப்பு என்பதை அது அறிவித்தது. பராமரிப்பாளர் பட்டியலில் தம் பெயரையே அவர் சேர்த்திருந்தார்.

அந்த மூன்றாம் பகுதியே அளவில் மிகச் சிறியது. ஆனால் பொறுப்பில் மிகப் பெரியது. "நான் எழுதிவிட்டேன், இனி உங்கள் பாடு" என்று சொல்லாமல், "குறை இருந்தால் என்னைக் கேளுங்கள்" என்று உலகத்தின்முன் ஒருவர் தரும் வாக்குறுதி அது.

நிரலைப் படிப்பவர்கள் பல வகைக் கேள்விகளை எழுப்புவார்கள். இந்த மாறியின் பெயர் தெளிவாக இருக்கிறதா? பிழை நேர்ந்தால் மின்சாரம் அணைக்கப்படுகிறதா? இந்த எண் எங்கிருந்து வந்தது? வரிகளுக்கு முன் விடப்படும் இடைவெளிக்குக்கூட விதி உண்டு. அவ்விதி மீறப்பட்டுள்ளதா என்று பார்க்க ஒரு சிறு மென்பொருளே உள்ளது. இயக்கி 'வீடியோ ஃபார் லினக்ஸ் 2' விதிகளைப் பின்பற்றுகிறதா என்று சோதிக்க மற்றொரு கருவி இருக்கிறது. சொல்லப்பட்ட குறைகளைத் திருத்தி, எழுதியவர் இரண்டாம் வடிவத்தை முன்வைப்பார். பிறகு மூன்றாம் வடிவம். மணிவண்ணனின் இயக்கியும் இவ்வாறு பலமுறை திருத்தப்பட்டது.

இந்தத் திருத்தங்களைக் கண்டு மனம் தளர்பவர்களும் உண்டு. கடுமையான சொற்கள் பறந்த காலமும் உண்டு. 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸே தம் கடுமையான பேச்சுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதே மாதத்தில் கெர்னல் சமூகம் ஒரு நடத்தை நெறியையும் ஏற்றுக்கொண்டது. குறையைச் சுட்டலாம், ஆளைத் தாக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

கையொப்பங்களின் சங்கிலி

ஏற்றுக்கொள்ளப்பட்ட நிரல் நேராக லினஸிடம் செல்வதில்லை. அது படிப்படியாக மேலேறுகிறது. கேமரா உணரி இயக்கிகளைக் கவனித்து வந்தவர் ஃபின்லாந்தைச் சேர்ந்த சகாரி ஐலஸ். ஒளிப்படம், காணொளி தொடர்பான பகுதி முழுவதற்கும் அப்போது பொறுப்பு வகித்தவர் பிரேசிலைச் சேர்ந்த மௌரோ கார்வால்யோ சேஹாப். அவர் அப்பகுதியில் சேர்ந்த மாற்றங்களைத் தொகுத்து லினஸுக்கு அனுப்புவார்.

நிரலை எழுதியவரும், அதைக் கைமாற்றி மேலே அனுப்பும் ஒவ்வொருவரும் தம் பெயரைக் கையொப்ப வரியாகச் சேர்க்கின்றனர். "இந்த நிரலைத் தருவதற்கு எனக்கு உரிமை உண்டு" என்பது அந்தக் கையொப்பத்தின் பொருள். 2004ஆம் ஆண்டில் இம்முறை தொடங்கப்பட்டது. பிறர் உழைப்பை மறைக்காமல் சொல்வதும் மரபு. ஐஎம்எக்ஸ் 290 இயக்கிக் கோப்பின் தலைப்பில், ஃபிராமோஸ் என்னும் ஜெர்மானிய நிறுவனத்தின் பெயரும் காப்புரிமையாளராகக் குறிக்கப்பட்டுள்ளது.

புதிய கெர்னல் பதிப்பு ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளிவருகிறது. முதல் இரண்டு வாரங்களில் மட்டுமே புதியவை சேர்க்கப்படும். எஞ்சிய வாரங்கள் பிழை திருத்துவதற்கே. அந்த இரண்டு வாரங்களைத் தவறவிட்டால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். ஐஎம்எக்ஸ் 290 இயக்கி, 2020ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான லினக்ஸ் 5.5 பதிப்பில் இடம்பெற்றது.

இணைந்த பிறகு

முதலில் இணைக்கப்பட்ட இயக்கி முழுமையானதாக இருக்கவில்லை. அதில் ஒளியைப் பெருக்கும் அளவை மாற்ற முடிந்தது. வெளிச்சத்தை எவ்வளவு நேரம் ஏற்பது என்பதை மாற்றும் வசதி இல்லை. உணரியிலிருந்து படத்தைக் கொண்டுசெல்ல நான்கு தடங்களைப் பயன்படுத்தும் முறை மட்டுமே இருந்தது. பின்வந்த ஆண்டுகளில் வேறு நாடுகளைச் சேர்ந்த நிரலர்கள் அதைப் படித்தனர். இரண்டு தடங்களில் இயங்கும் முறை சேர்க்கப்பட்டது. வெளிச்சத்தை ஏற்கும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் வசதி வந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஐஎம்எக்ஸ் 327 உணரிக்கும் இதே இயக்கி பயன்படுமாறு விரிவாக்கப்பட்டது. இணையக் கேமராக்களுக்கு இயக்கி எழுதிய லோரான் பின்ஷாரும் இதன் பல பகுதிகளைச் சீர்செய்தார்.

இவர்களுள் பலர் ஒருவரை ஒருவர் நேரில் சந்திக்காமலே பணியாற்றியிருக்கலாம். ஆனால் முன்னவர் எழுதியது பின்னவருக்குப் புரிந்தது. அந்த அளவுக்குத் தெளிவாக எழுதச் செய்தது, தொடக்கத்தில் கேட்கப்பட்ட கேள்விகளே. "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று அன்று கேட்டவர், பிற்காலத்தில் அந்த நிரலைத் திறக்கப்போகும் முகம் தெரியாத ஒருவருக்காகவும் கேட்டார். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்கள். இங்கே தேரை இழுப்பவர்கள் வெவ்வேறு ஊர்களில் இருக்கிறார்கள். வடத்தை மட்டும் யாரும் விடவில்லை.

மாணவர்களுக்கும் வாயில் திறந்திருக்கிறது

இத்துறையில் நுழைய விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. 'விவிட்' என்னும் பெயரில் ஒரு கற்பனைக் கேமரா லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. உண்மையான கேமரா இல்லாமலேயே அது வண்ணப் பட்டைகளைப் படமாக அனுப்பும். வீடியோ இயக்கி எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை அதைக் கொண்டு கற்கலாம். அதன் நிரலையும் ஐஎம்எக்ஸ் 290 இயக்கியின் நிரலையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் அமர்ந்து படிக்கும் மாணவருக்கும், பெரிய நிறுவனத்தில் பணியாற்றும் பொறியாளருக்கும் முன்னால் இருப்பது ஒரே நிரல்தான்.

தொடக்கத்தில் ஒரு விளக்கக் குறிப்பில் உள்ள எழுத்துப்பிழையைத் திருத்துவதே போதுமானது. அந்தச் சிறு திருத்தமும் அதே அவைக்குச் செல்லும். அதே கேள்விகளைச் சந்திக்கும். ஏற்கப்பட்டால், திருத்தியவர் பெயரும் கெர்னலின் வரலாற்றில் பதிவாகும். திறமையோடு பொறுமையும், திருத்தத்தை ஏற்கும் மனமும், செய்த வேலைக்குப் பொறுப்பேற்கும் துணிவும் அங்கே எதிர்பார்க்கப்படுகின்றன. வகுப்பில் ஒரு கட்டுரையைத் திருத்தி எழுதும் ஒவ்வொரு முறையும் நாம் இவற்றுக்கே பயிற்சி பெறுகிறோம்.

சொற்பொருள் அறிவோம்

இயக்கி – வன்பொருளை இயங்குதளத்தோடு இணைத்து இயங்கச் செய்யும் மென்பொருள்
மூல நிரல் – மனிதர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய வடிவில் எழுதப்பட்ட கணினிக் கட்டளைகள்
உணரி – ஒளி, வெப்பம் முதலியவற்றை உணர்ந்து தரவாக மாற்றும் கருவி
பதிவகம் – சில்லுக்குள் ஒரு மதிப்பைச் சேமித்து வைக்கும் சிறு இடம்
பராமரிப்பாளர் – நிரலின் ஒரு பகுதிக்குத் தொடர்ந்து பொறுப்பு வகிப்பவர்
அரங்கேற்றம் – படைப்பை அறிஞர் அவையில் முதன்முதலாக முன்வைத்தல்
பாயிரம் – நூலின் தொடக்கத்தில் இடம்பெறும் முன்னுரை
வடம் – தேரை இழுக்கப் பயன்படும் தடித்த கயிறு

கருத்தறிவோம்

1. உட்லண்ட்ஸ் வட்டார மக்கள் பயணத்துக்கு முன் இணையத்தில் எதைப் பார்த்து முடிவெடுக்கின்றனர்?
2. இயக்கியை விளக்குவதற்குப் பாட்டி, மருத்துவர், பேரன் ஆகியோர் எவ்வாறு எடுத்துக்காட்டாகப் பயன்படுகின்றனர்?
3. 'பிடித்துவை' என்னும் பதிவகம் எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது?
4. கெர்னலுக்கு வெளியே இருக்கும் இயக்கியால் மின்னணுக் கழிவு பெருகக்கூடும். இக்கருத்தைப் பாடப்பகுதியின் துணைகொண்டு விளக்குக.
5. மணிவண்ணன் சதாசிவம் முன்வைத்த மூன்று பகுதிகளுள் மூன்றாவது ஏன் சிறப்பாகக் குறிப்பிடப்படுகிறது?
6. பழங்காலத்து அரங்கேற்றத்துக்கும் கெர்னலில் நிரல் இணைக்கப்படுவதற்கும் உள்ள ஒற்றுமைகள் இரண்டையும் வேறுபாடு ஒன்றையும் எழுதுக.

கலந்துரையாடுவோம்

உங்கள் குழுவில் ஒருவர் எழுதிய பத்தியை மற்றவர்கள் படித்து, ஆளுக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேள்வி எழுத்தைப் பற்றியதாக மட்டுமே இருக்க வேண்டும். எழுதியவர் அக்கேள்விகளுக்கு ஏற்பத் திருத்தி எழுதிய பிறகு, இரண்டு வடிவங்களையும் ஒப்பிட்டுப் பேசுக.